மறைவிடத்து வலியை மறைக்கலாமா?



ஒரு வீட்டை உங்கள் மனக்கண்முன் கொண்டுவாருங்கள். விடியற்காலை 4 மணி. சுபுஹுக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்கிறது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன் உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து, முழங்கால்களை மடக்கிக்கொண்டு பாயில் சுருண்டு கிடக்கிறான். "என்னப்பா செய்யுது?" என்று உம்மா பதறிக் கேட்கிறார். "வயிறு வலிக்குதும்மா" என்கிறான். இரண்டு முறை வாந்தியும் எடுக்கிறான். நேற்றிரவு கல்யாண வீட்டில் உண்ட பிரியாணிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்து, வயிற்றில் தைலம் தடவி, "கொஞ்ச நேரம் படுத்திரு" என்கிறார்கள்.

வலி எங்கே தொடங்கியது என்பது அந்த மகனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த இடத்தின் பெயரை உம்மாவிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. வாப்பாவோ வெளிநாட்டில் இருக்கிறார். அஸருக்குப் பிறகு வந்த மாமா தனியே அழைத்துக் கேட்டபோதுதான் உண்மையைச் சொல்கிறான். விதைப்பையின் ஒரு பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது. மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதுதான். "விடியற்காலை நாலு மணிக்கு" என்ற பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிடுகிறது.

இது நாம் கற்பனை செய்துகொண்ட வீடு. ஆனால் இதே வரிசையில் நிகழும் நிகழ்ச்சி அறுவை மருத்துவர்களுக்கு மிகப் பழக்கமான ஒன்று.

இனி இன்னோர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். வயது 20. குளிக்கும்போது ஒருநாள் தன் இடது விதை வலது விதையைவிடத் தாழ்ந்து தொங்குவதைக் கவனிக்கிறான். மனம் கலங்குகிறது. யாரிடமும் கேட்கவில்லை. "இளமையில் செய்த தவறுகளால் விதை சிறுத்துவிட்டதா? ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கிறதா?" என்று அச்சுறுத்தும் விளம்பரம் ஒன்று கண்ணில் படுகிறது. விடுதி அறையில் முகாமிட்டிருக்கும் 'டாக்டரிடம்' போகிறான். லேகியத்திற்கும் மாத்திரைக்குமாக ஆயிரக்கணக்கில் அழுகிறான். அவனுக்கு நோயே இல்லை! ஆண்களில் பெரும்பாலோருக்கு இருப்பதுதான் அவனுக்கும் இருந்தது.

முதலாமவன் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இழந்தான். இரண்டாமவன் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் இழந்தான். இருவரையும் இழக்கச் செய்தது ஒன்றே. அதுதான் கூச்சம்.

நாணம் நாம் போற்றிப் பேணும் பண்பு. மறைவிடத்தை மறைப்பது கடமை. ஆனால் மறைவிடத்து நோயையும் சேர்த்து மறைக்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. மருத்துவம் செய்துகொள்ளும் அவசியத்திற்காகத் தேவையான அளவு மருத்துவரிடம் காட்டுவது அனுமதிக்கப்பட்டதே என்று ஆலிம்கள் தெளிவாகவே கூறியிருக்கிறார்கள். எனவே, எது இயல்பு, எது நோய், எதற்கு ஓட வேண்டும், எதற்குச் சாவகாசமாகப் போகலாம் என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். தாய்மார்களும் இதைப் படிக்க வேண்டும். மகனின் வலியை முதலில் காண்பவர்கள் நீங்கள்தாம்.

இயல்பு என்பது எது?

வளர்ந்த ஆணின் விதை ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் கொண்டது. புறா முட்டையளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் வழவழப்பாகவும், வேகவைத்துத் தோலுரித்த முட்டையைப் போன்ற மிதமான கெட்டித் தன்மையுடனும் இருக்கும். மெல்ல அழுத்தினால் ஒருவிதக் கூச்ச வலி தோன்றும். அதுவும் இயல்பே.

இரண்டு விதைகளும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம். ஒன்று, பெரும்பாலும் இடப்பக்கத்தது, தாழ்ந்து தொங்கும். இது குறையன்று, படைப்பின் அமைப்பு.

விதையின் பின்புறத்தில் மேலிருந்து கீழாக மென்மையான சுருள் கயிறு போன்ற ஒரு பகுதி விரல்களுக்குத் தட்டுப்படும். விதையில் உருவாகும் உயிரணுக்கள் முதிர்ச்சியடையும் நாளச்சுருள் அது. முதன்முறை தொட்டுப் பார்ப்பவர்கள் இதையே கட்டி என்று எண்ணிப் பயந்துவிடுவதுண்டு. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அச்சம் நீங்கும்.

குளிர்ந்த நீரில் குளித்தவுடன் விதைப்பை சுருங்கி, விதைகள் உடலோடு ஒட்டி மேலேறிக்கொள்வதையும், வெயில் நேரத்தில் தளர்ந்து தொங்குவதையும் எல்லோரும் கண்டிருப்பீர்கள். இதற்குக் காரணமிருக்கிறது. உடலின் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைந்த வெப்பத்தில்தான் விதைகள் செவ்வனே தொழிற்படும். அதற்காகவே அவை உடலுக்கு வெளியே ஒரு பையில் வைக்கப்பட்டிருக்கின்றன. குளிர்ந்தால் தசைகள் அவற்றை உடலை நோக்கி இழுக்கின்றன. வெப்பம் கூடினால் தளர்த்தி விலக்குகின்றன. அச்சத்திலும் பதற்றத்திலும்கூடச் சுருக்கம் ஏற்படும். நாளொன்றுக்குப் பலமுறை நிகழும் இம்மாற்றங்கள் எவையும் நோயல்ல.

பருவத்துக்குப் பருவம்

பிறந்த குழந்தை: கருவில் வயிற்றுக்குள் உருவாகும் விதைகள் பிறப்பதற்கு முன் பைக்குள் இறங்கிவிட வேண்டும். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 3 பேருக்கு ஒரு விதையோ இரண்டுமோ இறங்காமல் இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் இது 100க்கு 30 வரையிலும்கூட இருக்கலாம். இவற்றில் பல முதல் சில மாதங்களில் தாமாகவே இறங்கிவிடும். 6 மாதமாகியும் இறங்கவில்லையென்றால் குழந்தைகள் அறுவை நிபுணரிடம் காட்டிவிட வேண்டும். சிறிய அறுவையின் மூலம் விதையைப் பைக்குள் இறக்கிப் பொருத்துவார்கள். ஒன்றரை வயதுக்குள் இதைச் செய்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படும். அந்த விதையில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடும்.

நம் வீடுகளில் சுன்னத் செய்யும்போதுதான் பலருக்கு இக்குறை தெரியவருகிறது. அந்த நாளில் "இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா?" என்று மருத்துவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். குளிப்பாட்டும் தாயே முதல் மாதங்களில் இதைக் கவனித்துவிட முடியும்.

சிறுவன்: 3 வயதிலிருந்து 10 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு விதை சில நேரம் பைக்குள்ளும், சில நேரம் தொடை இடுக்கிலுமாக ஏறியிறங்குவதுண்டு. வெந்நீரில் குளிக்கும்போது இறங்கிவந்து பைக்குள் தங்குமானால் கவலை வேண்டாம். இருப்பினும் ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் காட்டிவருவது நல்லது. சிலருக்கு அது நிலையாக மேலேயே தங்கிவிடக்கூடும்.

பருவமடையும் வயது: ஆண் பிள்ளை பருவமடைவதன் முதல் அடையாளம் மீசை அரும்புவதோ குரல் உடைவதோ அன்று, விதைகள் பெரிதாகத் தொடங்குவதே. இது பொதுவாக 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் நிகழும். விதைப்பையின் தோல் கருத்துச் சுருக்கம் விழும்; முடி முளைக்கும். ஒரு விதை முந்தி வளர, மற்றது பின்தங்கி வளர்வதும் உண்டு. உறக்கத்தில் விந்து வெளியாவது இப்பருவத்தின் இயல்பே. நோயன்று, பலவீனமும் அன்று. 9 வயதுக்கு முன்பே இம்மாற்றங்கள் தொடங்கினாலோ, 14 வயது முடிந்தும் தொடங்கவே இல்லையென்றாலோ மருத்துவரைக் காண வேண்டும்.

முதுமை: வயது ஏற ஏற விதைகள் சற்றே சிறுக்கும்; மென்மையாகும்; பை தளர்ந்து தாழும். ஆண்மைச் சுரப்பு நடுவயதிலிருந்து சிறிது சிறிதாகக் குறைந்துவரும். தலை நரைப்பதைப் போன்றதுதான் இது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரெனச் சிறுத்தாலோ பெருத்தாலோ அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

சாவகாசமாகக் காட்டலாம், காட்டாமல் இருக்கக் கூடாது

வலியில்லாத வீக்கங்கள் பலவும் ஆபத்தற்றவை. ஆனால் எது ஆபத்தற்றது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர், நாமல்லர்.

நீர் கோத்த விதைவீக்கம்: ஓதம் என்றும் ஹைட்ரோசில் என்றும் சொல்வார்கள். விதையைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் தேங்கிப் பை பெரிதாகும். பிறந்த குழந்தைகளுக்கு இருந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே வற்றிவிடும். பெரியவர்களுக்கு வருவதற்கு நம் நாட்டில் நெடுங்காலமாக முக்கியக் காரணமாயிருந்து வருவது யானைக்கால் நோய். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் புழுக்களே அந்நோயை உண்டாக்குகின்றன. காலை வீங்கச் செய்யும் அதே நோய்தான் விதைப்பையையும் வீங்கச் செய்கிறது. உலகில் 2 கோடியே 50 லட்சம் ஆண்கள் இதனால் விதைவீக்கத்திற்கு ஆளாகியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின் பயனாக, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை இலங்கை அகற்றிவிட்டதாக 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. விதைவீக்கத்திற்கு ஊசியால் நீரை உறிஞ்சி எடுப்பது தற்காலிகமானது, மீண்டும் நிரம்பிவிடும். அறுவையே நிலையான தீர்வு. அரசு மருத்துவமனைகளிலும் செய்யப்படும் எளிய அறுவை அது. வீக்கத்தை மறைக்கத் தளர்ந்த கைலியும் நீண்ட சட்டையுமாக ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டிய தேவை இல்லை.

குடலிறக்கம்: இருமினால், கனமான பொருளைத் தூக்கினால் பெரிதாகி, படுத்தால் உள்ளே போய்விடும் வீக்கம் பெரும்பாலும் குடலிறக்கமாகவே இருக்கும். இதை லங்கோடு கட்டி அடக்கிவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அடங்காது. வசதியான ஒரு நாளில் அறுவை செய்துகொள்வதே அறிவுடைமை. உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, வலியும் வாந்தியும் கண்டால் அது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்கம் இருந்தால் தாமதிக்கவே கூடாது.

நரம்பு புடைப்பு: விதைக்கு மேலே இரத்தக் குழாய்கள் புடைத்து, பைக்குள் மண்புழுக்கள் நிறைந்தாற்போல் தட்டுப்படும். இதை வெரிகோசில் என்பார்கள். 100 ஆண்களில் ஏறத்தாழ 15 பேருக்கு இருக்கிறது. அநேகமாக இடப்பக்கத்தில்தான் வரும். நெடுநேரம் நின்றால் கனப்பதுபோல் ஒரு மந்த வலி இருக்கும், படுத்தால் குறையும். பலருக்கு மருத்துவமே தேவைப்படாது. ஆனால் சிலருக்கு உயிரணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். திருமணமாகி ஓராண்டு கடந்தும் குழந்தையில்லையென்றால், மருமகளை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. மகனையும் அதே நாளில் சோதிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். நடுவயதில் திடீரெனத் தோன்றினாலோ, வலப்பக்கத்தில் மட்டும் வந்தாலோ, படுத்தாலும் வற்றாமல் இருந்தாலோ வயிற்றுக்குள் வேறு காரணம் இருக்கலாம். கட்டாயம் காட்ட வேண்டும்.

நீர்க்கட்டிகள்: விதைக்குப் பின்னாலுள்ள நாளச்சுருளில் பட்டாணி போன்ற சிறு நீர்க்கட்டிகள் தோன்றும். தீங்கற்றவை. ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொண்டபின் அப்படியே விட்டுவிடலாம்.

சுருங்கும் விதை: உடற்பயிற்சிக் கூடங்களில், தசை முறுக்கேற வேண்டும் என்பதற்காக ஸ்டீராய்டு ஊசிகளையும் ஆண்மைச் சுரப்பு ஊசிகளையும் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இன்று பெருகிவருகிறார்கள். வெளியிலிருந்து சுரப்பு வரவர, உள்ளே விதைகள் தம் வேலையை நிறுத்திவிடும்; சிறுத்துவிடும்; உயிரணு உற்பத்தியும் நின்றுபோகலாம். புஜம் பெருக்க, குலம் தழைக்கும் வழி அடைபடுகிறது. இளைஞர்களே, உங்கள் பயிற்சியாளர் மருத்துவர் அல்லர் என்பதை மறவாதீர்கள்.

கடிகாரத்தைப் பார்த்து ஓட வேண்டியவை

இக்கட்டுரையில் நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுவே.

விதை முறுக்கம்: விதை, இரத்தக் குழாய்கள் அடங்கிய ஒரு தண்டில் தொங்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே விதை பைக்குள் சரியாகப் பிணைக்கப்படாமல், மணியின் நாக்குபோல் தளர்ந்து ஆடும் நிலையில் இருக்கும். அத்தகைய விதை திடீரெனத் திரும்பி, தண்டு முறுக்கிக்கொள்ளும். கிணற்றுக் கயிறு முறுக்கிக்கொள்வதைப் போலத்தான். இரத்த ஓட்டம் நின்றுவிடும். 12 வயது முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கே மிகுதியாக வரும்; பிறந்த குழந்தைக்கும் வரலாம்; பெரியவர்களுக்கும் வரலாம். விளையாடும்போது வரலாம், உறக்கத்திலும் வரலாம்.

அடையாளங்கள்: திடீரென ஒரு பக்க விதையில் தாங்க முடியாத வலி, குமட்டல் அல்லது வாந்தி, அடிவயிற்றிலும் வலி, அந்த விதை மேலேறியோ குறுக்காகத் திரும்பியோ இருத்தல், பின்னர் வீக்கமும் சிவப்பும்.

வலி தொடங்கி 6 மணி நேரத்திற்குள் அறுவை செய்து முறுக்கை அவிழ்த்துவிட்டால் 100 பேரில் 90 பேருக்கு மேல் விதையைக் காப்பாற்றிவிடலாம். 12 மணி நேரம் கடந்தால் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். 24 மணி நேரம் கடந்தபின் காப்பாற்றப்படுவது அரிது. இறந்துபோன விதையை அகற்றவே நேரும். அறுவையின்போது மறுபக்க விதையையும் தைத்துப் பிணைத்துவிடுவார்கள். அதற்கும் அதே தளர்ச்சி இருக்கக்கூடும் என்பதே காரணம்.

ஆகவே, பருவ வயதுப் பையன் வயிற்றுவலி என்று சொல்லி வாந்தியும் எடுத்தால், "கீழேயும் வலிக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆம் என்றால் தைலம் தடவ வேண்டாம். ஒத்தடம் கொடுக்க வேண்டாம். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்காமல், ஏனெனில் மயக்க மருந்து கொடுக்க நேரலாம், அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டுசெல்லுங்கள். தமிழகத்தில் 108க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். வலி கொஞ்ச நேரம் வந்து, தானே அடங்கிப்போனாலும் விட்டுவிடக் கூடாது. முறுக்கிய விதை தானே அவிழ்ந்திருக்கலாம், மறுபடியும் முறுக்கலாம். நேரம் கடந்துவிட்டதே என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவதும் தவறு. எப்போது தெரிந்தாலும் அப்போதே செல்ல வேண்டும்.

கிருமித் தொற்று: வலி ஓரிரு நாட்களில் மெல்ல மெல்லக் கூடி, காய்ச்சலும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் சேர்ந்தால் அது தொற்றாக இருக்கலாம். உரிய மருந்துகளால் குணமாகும். மருத்துவர் சொன்ன நாட்கள் வரை முழுமையாக உண்ண வேண்டும். இதையும் முறுக்கத்தையும் வீட்டிலிருந்தே பிரித்தறிய முயலாதீர்கள். மருத்துவர்களுக்கே சில நேரம் கடினமானது அது.

பொன்னுக்கு வீங்கி: கன்னம் வீங்கும் இந்நோய் பருவமடைந்த ஆணுக்கு வந்தால், 4 முதல் 8 நாட்கள் கழித்து விதையையும் தாக்குவதுண்டு. 100க்கு 20 முதல் 30 பேருக்கு இவ்வாறு நேர்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கமே பாதிக்கப்படும். சிலருக்கு அது பின்னர் சிறுத்துவிடும். முற்றிலும் மலடாவது அரிது. இந்நோயைத் தடுக்க எம்.எம்.ஆர். தடுப்பூசி இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

அடிபடுதல்: கிரிக்கெட் பந்து பட்டோ, சைக்கிள் கம்பியில் மோதியோ ஏற்படும் வலி பொதுவாகச் சில நிமிடங்களில் தணியத் தொடங்கும். ஒரு மணி நேரம் கடந்தும் தணியாவிட்டாலோ, வீங்கினாலோ, நீலம் பாரித்தாலோ உடனே காட்ட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல்: விதைப்பைத் தோலிலோ அதன் அருகிலோ கடும் வலியும், சிவப்பும், கருமையும், துர்நாற்றமும், காய்ச்சலும் கண்டால் அது மணிக்கு மணி பரவும் அழுகல் நோயாக இருக்கலாம். களிம்பு தடவிக் காத்திருப்பவர்கள் உயிரையே இழக்க நேரும்.

வலியில்லாத கட்டி

வலி வந்தால்தான் நோய் என்பது நம் பொதுக் கணிப்பு. விதையில் தோன்றும் புற்றுநோய் இந்தக் கணிப்பைப் பொய்யாக்கிவிடும். விதையிலேயே, அதன் சதையோடு ஒட்டிய, கெட்டியான, பெரும்பாலும் வலியற்ற கட்டி. அல்லது ஒரு விதை முழுதுமே கெட்டித்துப் பெருத்தல். பையில் இனம்புரியாத கனம். இவையே அதன் அறிகுறிகள். முதியவர்களைவிட 15 முதல் 40 வயதுக்குட்பட்ட இளைஞர்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது. பிறவியில் விதை இறங்காதிருந்தவர்களும், தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்தவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இது மிக அரிதாகவே காணப்படுகிறது. புற்றுநோய்களிலேயே மிக நன்றாகக் குணமாகக்கூடியவற்றுள் ஒன்றும் இதுதான். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். அமெரிக்காவின் சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1996ஆம் ஆண்டில், தம் 25ஆம் வயதில் இந்நோய்க்கு ஆளானார். அறிகுறிகளை அசட்டை செய்து தாமதித்ததால், நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியபின்பே கண்டறியப்பட்டது. அந்த நிலையிலும் மருத்துவத்தால் அவர் பிழைத்தெழுந்தார். பரவிய பிறகே குணமாக்க முடிகிறதென்றால், பரவுமுன் காட்டுபவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு விதையை எடுத்துவிட்டால் ஆண்மை போய்விடும் என்பது பொய். நலமாயுள்ள மற்றொரு விதை, இல்லறத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் பொதுவாகப் போதுமானது.

நீங்களே அறிந்துகொள்ளும் முறை

வெந்நீரில் குளித்தபின், பை தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விதையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருக்கிறதா, புதிதாக ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று கவனியுங்கள். ஒரு நிமிடம் போதும். மாதந்தோறும் தவறாமல் செய்ய வேண்டுமா என்பதில் மருத்துவ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் தம் உடலின் இயல்பை ஒவ்வோர் ஆணும் அறிந்திருக்க வேண்டும், மாற்றம் கண்டால் காட்ட வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. அதேவேளை, அன்றாடம் தொட்டுத் தொட்டுப் பார்த்து அஞ்சுவதும் வேண்டாம்.

மருத்துவரிடம் சென்றால் என்ன நடக்கும் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. நடப்பது இதுதான்: எப்போது தொடங்கியது என்று கேட்பார், திரைக்குப் பின்னே படுக்கவைத்தும் நிற்கவைத்தும் கையால் சோதிப்பார், வீக்கத்தின் மேல் விளக்கொளி பாய்ச்சிப் பார்ப்பார், நீராக இருந்தால் ஒளி ஊடுருவும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஸ்கேனில் வலியில்லை. சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் இருக்கலாம். அறுவை நிபுணரிடமோ சிறுநீரக அறுவை நிபுணரிடமோ செல்வது பொருத்தம். பெண் மருத்துவர் முன் கூச்சமாக இருந்தால் ஆண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அவசரமான வேளையில் அதற்காகவும் காத்திருக்க வேண்டாம்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "விடுப்பில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று கட்டியையும் வீக்கத்தையும் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்காதீர்கள். ஊரில் உள்ளவர்கள் எதிர்பார்ப்பது உங்கள் பணத்தை மட்டுமன்று, உங்களையும்தான்.

தந்தையர் கவனத்திற்கு

இறுதியாக, பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கேட்கிறோம். மகனுக்குத் தொழுகை கற்பிக்கிறோம். பருவமடைந்தால் குளிப்புக் கடமையாவதைச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தச் சமயத்திலேயே இன்னும் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துச் சொன்னால் என்ன? "ஒன்று சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு, அதற்காகப் பயப்படாதே. ஆனால் அங்கே திடீரென்று வலித்தால் நடுநிசியானாலும் என்னை எழுப்பு." சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. வாப்பா வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் சொல்லலாம். அல்லது மாமாவோ, பாட்டனாரோ, மூத்த காக்காவோ சொல்லட்டும். உம்மாவே சொன்னாலும் குறைவொன்றுமில்லை.

அப்படிச் சொல்லி வைத்திருந்தால், நாம் தொடக்கத்தில் கண்ட வீட்டில் அந்த மகன் விடியற்காலை 4 மணிக்கே உண்மையைச் சொல்லியிருப்பான். சுபுஹுத் தொழுகைக்கு முன்பே மருத்துவமனையை அடைந்திருப்பார்கள். மருத்துவரின் முதல் கேள்விக்கு, "இப்போதுதான், ஒரு மணி நேரமாக" என்று பதில் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பதிலை உங்கள் பிள்ளை சொல்லும்படி செய்வது உங்கள் கையில் இருக்கிறது. இன்றிரவே அவனை அருகில் அழைத்துப் பேசுங்கள்.